கட்டுத்தரைக்கு வெளியே இரண்டு நிமிடம்

போன வாரம், கால்நடை ஆய்வாளர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நாலு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பையில் என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும், கையுறை எது நல்லது, ராத்திரியில் அழைப்பு வந்தால் போவதா வேண்டாமா என்றெல்லாம் கேட்டார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அவர்கள் போன பிறகுதான், கேட்காமல் விட்ட ஒன்றைச் சொல்லாமல் அனுப்பிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

1987-ல் இந்த வேலைக்கு வந்து 31 வருஷம் காங்கேயம், தாராபுரம் பக்கத்துத் தோட்டங்களில் அலைந்தவன் நான். மருந்து தெரியாமல் செய்த தவறுகள் எனக்குக் குறைவு. போன இடத்தில் யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் செய்த தவறுகள்தான் அதிகம். இந்த விஷயத்தை நம் பெரியவர்கள் பழமொழி பழமொழியாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். சின்ன வயசிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டதால் அவை நமக்கு உறைப்பதில்லை. எனக்கு உறைத்த இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

1. வண்டியை நிறுத்தியதும் உள்ளே போய்விடாதீர்கள். இரண்டு நிமிடம் வெளியே நில்லுங்கள்.

மாட்டின் மூச்சை எட்ட நின்று எண்ண வேண்டும் என்று பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பக்கத்தில் போய்த் தொட்டுவிட்டு எண்ணினால், வருகிற கணக்கு நோயின் கணக்கு இல்லை, உங்களைக் கண்டு மிரண்ட கணக்கு. விலா எழுந்து அடங்குவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே பார்த்துவிடலாம். தொட்டியில் தவிட்டுத் தண்ணீர் மிச்சம் கிடக்கிறதா, சாணி இளகியிருக்கிறதா, காது அசைகிறதா தொங்குகிறதா, அசை போடுகிறதா, மற்ற மாடுகளோடு நிற்கிறதா ஒதுங்கி நிற்கிறதா, இவ்வளவும் அந்த இரண்டு நிமிடத்தில் கண்ணில் படும்.

வீட்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். மணி ஒன்பதாகியும் வாசல் தெளிக்கவில்லை. திண்ணைக்குக் கீழே வெளியூர்ச் செருப்பு நாலைந்து சோடி கிடக்கிறது. குழந்தைகள் இருக்கிற வீடு, ஆனால் சத்தம் இல்லை. அப்படியென்றால் உள்ளே மாட்டைவிடப் பெரிதாக ஏதோ நடந்துகொண்டிருக்கிறது. அது என்னவென்று விசாரிக்க வேண்டியதில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆரனை அழுத்தாமல், ஆள் வரும்வரை காத்திருந்தால் போதும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது ஆற்றங்கரைக்கு மட்டும் சொன்ன பேச்சில்லை.

2. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். இந்தப் பழமொழியை ஆளுக்குத் தக்கபடி நடக்கச் சொல்லும் உபதேசமாகத்தான் எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இது அப்படியே நேர் உண்மை.

மடியில் பால் இருந்தால் மட்டும் பால் வந்துவிடாது. கன்று முட்ட வேண்டும், அல்லது பழகிய கை மடியைத் தடவ வேண்டும். அந்தத் தொடு உணர்வு மூளைக்குப் போய், அங்கிருந்து ஆக்சிடோசின் இரத்தத்தில் கலந்து மடிக்கு வந்து சேர ஒரு நிமிடம்போல ஆகும். அப்புறம்தான் சுரப்பு விடும். அதன் வேகம் ஐந்தாறு நிமிடத்துக்குத்தான் இருக்கும். அந்த நேரத்தில் மாடு மிரண்டுவிட்டால் அட்ரினலின் சுரந்து எல்லாவற்றையும் அடைத்துவிடும். மடி கனத்திருக்கும், காம்பில் சொட்டு வராது. பாட்டுப் பாடிக் கறந்தவர்களுக்கு இந்த வேதிப்பெயர்கள் தெரியாது. மாட்டுக்குப் பழகிய ஓசை வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

நத்தக்காடையூர்ப் பக்கம் ஒரு பாட்டி. கறக்கும்போது வாய்க்குள்ளேயே ஏதோ முனகிக்கொண்டிருப்பார். ஒருநாள் நான் வெள்ளைச் சட்டையோடு நேராகக் கட்டுத்தரைக்குள் போய்விட்டேன். பாட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சித்த அந்தப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க சாமி. உங்களப் பாத்துப்போட்டு பாலை ஒளிச்சுக்குது" என்றார். போய் நின்றேன். பத்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டார். போசி நிறைய நுரை.

மனிதர்களிடம் ஒரு விவரம் வாங்குவதும் இப்படித்தான். மாடு எப்போதிலிருந்து தின்னவில்லை, யாரிடம் என்ன மருந்து வாங்கி ஊற்றினீர்கள் என்று உள்ளே நுழைந்ததும் அடுக்கடுக்காகக் கேட்டால் ஒன்றும் வராது. கை வைத்தியம் பார்த்ததைச் சொன்னால் திட்டுவீர்களோ என்று மறைத்துவிடுவார்கள். மழை பற்றிப் பேசுங்கள். கன்று நல்லாயிருக்கிறதே என்று சொல்லுங்கள். பொய்யாகச் சொல்லாதீர்கள், நல்லாயிருக்கிற ஏதாவது ஒன்று எல்லாக் கட்டுத்தரையிலும் இருக்கும். சுரப்பு விடுவதற்கு அந்த ஒரு நிமிடத்தைக் கொடுங்கள்.

3. பின்னால் போய் நிற்காதீர்கள். மாட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். நேர் பின்னால்தான் தெரியாது. தெரியாத பக்கத்திலிருந்து ஒரு கை பட்டால் உதைக்கத்தான் செய்யும். தோள்பட்டைப் பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள். வீட்டுக்காரருக்கும் வருவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

4. யார் யார் காதில் விழுகிறது என்று பார்த்துவிட்டு வாயைத் திறங்கள்.

இதை எழுத எனக்கு இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது. வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம். ஒரு தோட்டத்தில் மூன்று மாதம் முன்பு நானே சினை ஊசி போட்ட மாடு. சினை நிற்கிறதா என்று பார்க்கப் போனேன். கையை உள்ளே விட்டுக் கருப்பையைத் தடவிப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. கட்டுத்தரைக்குள் நின்றபடியே, வாசலில் இருந்த வீட்டுக்காரருக்குக் கேட்கட்டும் என்று, "சினை நிக்கலீங்க" என்று சத்தமாகச் சொன்னேன்.

வாசலில் கயிற்றுக் கட்டிலில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பை, அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் நீள நோட்டு. நான் உள்ளே போகும்போதே அவரைப் பார்த்தேன், பார்த்தும் கவனிக்கவில்லை. வட்டிக்குப் பணம் கொடுத்தவர். மாடு கன்று போட்டதும் பால் ஊற்றிக் கடனை அடைத்துவிடுகிறேன் என்று தவணை கேட்டிருந்தார்கள். அதைப் பேசத்தான் வந்திருந்தார். தொட்டியோரம் போசி கழுவிக்கொண்டிருந்த அந்த வீட்டு அம்மாவின் கை அப்படியே நின்றது. தேங்காய் நாரை விரலுக்குள் இறுக்கிப் பிடித்தபடி, தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தார். போசியின் மேல் சாம்பல் தண்ணீர் கோடாக வடிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்காரர் வழக்கம்போல எனக்குக் கை கழுவ செம்பில் தண்ணீர் ஊற்றினார். சோப்பை எடுத்துக் கொடுத்தார், துண்டும் கொடுத்தார். ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அடுத்த வாரம் அந்த மாடு சந்தைக்குப் போய்விட்டது. சினையில்லாத மாட்டுக்கு என்ன விலையோ அந்த விலைக்கு.

நான் சொன்னது பொய்யில்லை. அவர்களும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. தங்கள் வாயால், தங்களுக்குத் தோதான நேரத்தில், அடுத்த பருவத்துக்கு இன்னொரு ஊசி போட்டுப் பார்க்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். அந்த உரிமையை நான் பறித்துவிட்டேன். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு பேருக்குள்தான். கேட்ட விலை குறைவாக இருந்தால் விற்க வந்தவருக்கு நாலு பேர் முன்னால் தலைகுனிவு இல்லை. ஒரு துண்டுக்கு இருந்த அந்த அறிவு அன்றைக்கு எனக்கு இல்லாமல் போனது. இடம் பொருள் ஏவல் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோமே, அதில் இடத்தை முதலில் வைத்ததற்குக் காரணம் எனக்கு அந்தத் தோட்டத்தில்தான் விளங்கியது.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். சினை பார்த்த முடிவு நல்லதோ கெட்டதோ, கை கழுவி முடிக்கும்வரை சொல்வதில்லை. தண்ணீர் ஊற்றுகிறவர் ஓரடி தூரத்தில் நிற்பார். அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொல்லிவிடலாம்.

5. பழமொழிகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்கிறது ஒன்று, பதறாத காரியம் சிதறாது என்கிறது இன்னொன்று. எதைக் கேட்பது என்று இளவயசில் எனக்கும் குழப்பம் இருந்தது. நம் கையில் இருக்கும் உறைவிந்துக் குச்சியைப் பாருங்கள். திரவ நைட்ரஜனுக்குள், மைனஸ் 196 டிகிரியில், வருஷக்கணக்கில் கெடாமல் கிடக்கும். வெளியே எடுத்து 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்துவிட்டால் அப்புறம் நின்று பேச நேரமில்லை, நிமிடங்களுக்குள் போட்டாக வேண்டும். குச்சி ஒன்றுதான். எடுக்கும்வரை ஒரு பழமொழி, எடுத்த பிறகு இன்னொன்று.

எடுக்கிற நேரத்தை மாடு சொல்லும். காலையில் பருவத்துக்கு வந்தது தெரிந்தால் அன்று மாலை, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. தவறவிட்டால் இன்னும் 21 நாள். வீட்டுக்காரர் அவசரப்படுத்துகிறார், நமக்கும் வந்த வேலை முடிந்தால் தேவலை என்று முன்கூட்டியே போட்டுவிட்டு வராதீர்கள். இன்னும் நேரமாகவில்லை, சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி சாயங்காலம் போங்கள்.

கடன் தவணை, காப்பீட்டுப் படிவம், தடுப்பூசி முகாம் பற்றியெல்லாம் பேசவும் இப்படி நேரம் இருக்கிறது. மாடு ஈன முடியாமல் முக்கிக்கொண்டிருக்கும்போது காது வில்லை எண்ணைக் கேட்கிறவரை நான் பார்த்திருக்கிறேன். எண் எங்கும் ஓடிவிடாது.

6. கத்துகிற மாட்டை யாருக்கும் தெரியும். எருமை கத்தாது. பருவத்துக்கு வந்தாலும் பல எருமைகள் அடையாளமே காட்டாமல் இருந்துவிடும், வெயில் காலத்தில் இன்னும் மோசம். ஊமைப் பருவம் என்று அதைச் சொல்வோம். அது தெரியாமல் எத்தனையோ எருமைகளை மலடு என்று முடிவுகட்டி விற்றிருக்கிறார்கள். விடியற்காலையில் போய், வால் தூக்கி நிற்கிற விதத்தையும், இரண்டு நாளாகப் பால் கொஞ்சம் குறைந்ததையும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

மனிதரை எருமையோடு சேர்த்துப் பேசுகிறேன் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். நான் மதிப்போடுதான் சொல்கிறேன். முகாமுக்குப் போனால் முன்னால் வந்து குரல் கொடுக்கிறவர் மாட்டைத்தான் முதலில் பார்ப்போம். கடைசியில், வேலிக்கால் ஓரமாக, ஆட்டுக்குட்டியை முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டு ஒரு அம்மா காலையிலிருந்து நின்றிருப்பார். யாராவது தன்னைக் கூப்பிடுவார்களா என்று நிற்பவர் அவர். முகாமில் முதல் வேலையாக அந்த ஓரத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

7. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பதை மட்டும் நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். மாட்டுக்கும் குழந்தைக்கும் அது சரி. வளர்ந்த மனிதர் முகத்தை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டுவிடுகிறார். கையை மூடிக்கொள்ள அவருக்குத் தெரியாது. "வயசான மாடுங்க, போனாப் போகுது, நீங்க சிரமப்படாதீங்க" என்று சிரித்தபடி சொன்ன ஒருவர், கயிற்றை உள்ளங்கையில் மூன்று சுற்றுச் சுற்றி, விரல் கணுக்கள் வெளுக்கும் அளவுக்கு இழுத்துப் பிடித்திருந்தார். நான் வாயைக் கேட்காமல் கையைக் கேட்டேன். டாக்டருக்குச் சொல்லியனுப்பி, குளுக்கோஸ் ஏற்றி, ராத்திரி பதினொரு மணிவரை கூடவே இருந்தோம். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். இரண்டு பல் விழுந்து முளைத்திருந்தால் ஏறக்குறைய இரண்டு வயது, எட்டும் சேர்ந்துவிட்டால் நாலு தாண்டியது என்று கணக்கு இருக்கிறது. மனசுக்கு அப்படி எண்ணிக்கை ஏதும் இல்லை. பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும்.

8. தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவரை, தெரியாது என்று சொல்ல வைக்காதீர்கள்.

2011-ல் அரசு விலையில்லாக் கறவை மாடு கொடுக்கத் தொடங்கியபோது, அதுவரை மாடே கட்டாத பெண்கள் பலர் முதன்முதலாக மாட்டுக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். அதில் ஒரு பெண் வந்து, மாடு பாலே கொடுக்கவில்லை, ஏதோ நோய் என்றார். போய்ப் பார்த்தேன். சூடு 101.5, இடது பசிக்குழியில் கை வைத்தால் இரைப்பை நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை நன்றாகப் புரள்கிறது, மடியில் கட்டி இல்லை. மாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பெண்தான் கயிற்றின் கடைசி நுனியைப் பிடித்துக்கொண்டு, மாடு தலையை ஆட்டும்போதெல்லாம் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். ஆடு வளர்த்த கை. இவ்வளவு பெரிய கலப்பின மாட்டின் கிட்டே போகவே பயம்.

உங்களுக்குக் கறக்கத் தெரியாதா என்று கேட்டிருந்தால், பக்கத்துவீட்டார் நாலு பேர் முன்னால் அந்தப் பெண் கூசிப்போயிருப்பார். "புது இடம், மாடு மிரளுது. பழக ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் இன்னொரு ஆளும் கூட இருந்து கறங்க" என்றேன். பக்கத்துவீட்டு அம்மாவைக் கேட்டுக்கொண்டேன். அந்த அம்மாவுக்கும் விஷயம் புரிந்தது, காட்டிக்கொள்ளவில்லை. பத்து நாள் கழித்துப் போனால் அந்தப் பெண் தனியாகக் கறந்துகொண்டிருந்தார்.

9. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிற வீட்டில் மாட்டைப் பற்றி மட்டும் பேசுங்கள். இரண்டு பேரும் உங்களை நடுவர் ஆக்கப் பார்ப்பார்கள். மாடு யாருக்கு என்பது நம் வேலை இல்லை.

10. மாடும் உங்களைப் படிக்கிறது. அலுவலகத்தில் பேச்சு வாங்கிவிட்டு அதே சூட்டோடு கட்டுத்தரைக்குள் போன நாட்களில்தான் நான் உதை வாங்கியிருக்கிறேன். கை முரடாகும், கயிற்றை வெடுக்கென்று இழுப்போம், நமக்கே தெரியாது. அதற்குத் தெரியும். அப்படிப்பட்ட நாளில் தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு போங்கள். காலையில் சாப்பிடாமல் கிளம்பாதீர்கள்.

11. இது எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைப்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். முகம் பார்க்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள் இல்லை. தரகருக்குத் தெரியும். நான் சொன்ன மஞ்சள் பைக்காரருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர் மாட்டைச் சந்தைக்கு ஓட்டி வந்தால், அவர் நிற்கிற நிலையிலேயே கண்டுபிடித்து ஆயிரம் ரூபாய் குறைத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பதும் நம் பழமொழிதான். அப்படிச் செய் என்று சொல்லவில்லை, அப்படிச் செய்கிறவர்கள் உண்டு என்று எச்சரிக்கிறது.

ராத்திரி ஒரு மணிக்கு, கன்று பாதி வெளியே வந்து நிற்கும்போது, அந்த வீட்டில் நீங்கள் என்ன கேட்டாலும் கொடுப்பார்கள். கேட்காதீர்கள். மருந்துக்கு என்ன ஆயிற்றோ அதைக்கூட மறுநாள் வெளிச்சத்தில் சொல்லுங்கள். திருக்குறளில் குறிப்பறிதல் என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. 71-வது அரசாட்சி பற்றிய பகுதியில் வருகிறது, 110-வது காதல் பற்றிய பகுதியில் வருகிறது. அரசன் முன்னால் நிற்பவருக்கு அது பிழைப்புக்கு வேண்டிய திறமை. காதலியின் முன்னால் நிற்பவருக்கு அது அன்பு. கட்டுத்தரைக்குப் போகிற நாம் இரண்டாவதைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

12. கிளம்பும்போது அவசரப்படாதீர்கள். சொல்ல வந்த விஷயத்தை மனிதர்கள் கடைசியில்தான் எடுப்பார்கள். ஊசி போட்டாயிற்று, சீட்டு எழுதியாயிற்று, நீங்கள் வண்டியை உதைத்துவிட்டீர்கள். அப்போதுதான், "அப்பறமுங்க..." என்று ஒரு குரல் வரும்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், வெள்ளகோவிலைத் தாண்டி ஒரு தோட்டம். பெரியவர் ஒருவரும் இரண்டு மாடும் மட்டும். மடிநோய்க்குப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். வண்டிச் சத்தத்துக்கு மேல், "அப்பறமுங்க, மாட்டுக்கு ஒண்ணும் பயமில்லீங்களே?" என்றார். இதே கேள்வியை அதற்கு முன்பே இரண்டு தடவை கேட்டிருந்தார். நான் வண்டியை அணைத்தேன்.

"இல்லீங்கய்யா, ரெண்டு நாள்ல மடி வத்தீரும்."

"பையன் வந்து ஆறு மாசமாச்சுங்க. போன்ல பேசறப்பெல்லாம் மாட்டை வித்துப்போட்டுத் திருப்பூருக்கே வந்துருங்கறான்." கொஞ்ச நேரம் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுகளையும் குடுத்துப்போட்டா காலையில எந்திரிச்சு என்னங்க பண்றது?"

வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, பையைக் கழற்றி வைத்து, திண்ணையில் உட்கார்ந்தேன். அவர் உள்ளே போய் இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்தார்.